யார் சொன்னால் சாப்பிடலாம்?

சென்ற ஜூலையில் குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஒரு காலை. பேரருவியில் தண்ணீர் மிஞ்சி விழுந்ததால் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அருவிக்கென்றே சென்னையிலிருந்து வந்திருந்த ஏழு வயது மகளைச் சமாதானப்படுத்த வேறு வழி தெரியாமல், இலஞ்சிப் பக்கம் இருக்கும் சின்ன ஆச்சியின் தோப்புக்கு அழைத்துப்போனேன். சின்ன ஆச்சி என் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்குத் தங்கை. எழுபது தாண்டியும் தோப்பை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, மஞ்சக் குடை!”

பலாவுக்கும் வேலிக்கும் நடுவே, நனைந்த சருகுக்குள் ஐந்தாறு காளான்கள். நாட்டுக்கோழி முட்டையின் கருவைப் போன்ற மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. விளிம்பு நெளிந்து, நடுவில் குழிந்து, புனல் மாதிரி நின்றன. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. ஃபோனை எடுத்துச் செயலியைத் திறந்து ஒரு படம் எடுத்தேன். இரண்டு விநாடியில் பதில் வந்துவிட்டது. சாண்டரெல், 94 சதவீதம். கீழே பச்சை எழுத்தில், உண்ணத்தக்கது.

ஐரோப்பாவில் மழைக்காலம் வந்தால் கூடையோடு காட்டுக்குப் போய்த் தேடிப் பறிக்கிற காளான் அது. வீடியோக்களில் வெண்ணெயில் வதக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஆச்சி வந்துவிட்டாள்.

“ஆச்சி, இது சாப்பிடுற காளானாம். ஃபோன்ல போட்டிருக்கு.”

குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். தொடவில்லை. “நமக்குத் தெரியாது” என்றாள்.

“விஷமா?”

“விஷம்னு நான் எங்க சொன்னேன்? தெரியாதுன்னுல்லா சொன்னேன்.”

அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு புற்றுப் பக்கம் போய்விட்டாள். அந்த மலையடிவாரத்தில் எழுபது மழைக்காலம் பார்த்தவளுக்குத் தெரியாதது, என் சட்டைப்பையில் இருந்த கருவிக்கு 94 சதவீதம் தெரிந்திருந்தது. இரண்டில் எது அறிவு என்ற கேள்வி எனக்கு அப்போதே வந்துவிட்டது. எதை நம்பிப் பிள்ளையின் தட்டில் வைக்கலாம் என்ற கேள்வி இரவில்தான் வந்தது. முதல் கேள்வி புத்தி சம்பந்தப்பட்டது, இரண்டாவது அறம் சம்பந்தப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

*

என் தலைமுறையில் மெஷின் லேர்னிங் படித்தவர்கள் பெரும்பாலும் காளானைத் தாண்டித்தான் வந்திருப்போம். கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத் தரவுக் களஞ்சியத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. 8124 வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் 22 பண்புகள்: தொப்பியின் வடிவம், நிறம், மணம், செதிலின் நெருக்கம், தண்டின் அடிப்பகுதி, வித்துத்தூளின் நிறம் இப்படி. 4208 உண்ணத்தக்கவை, 3916 விஷம். இது விஷமா இல்லையா என்று நிரல் சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு முதல் பயிற்சியாகக் கொடுப்பார்கள்.

விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு முடிவு மரம் எழுதி ஓட்டினேன். நூற்றுக்கு நூறு வந்தது. அன்றைக்கு நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு காட்டுக் காளானைக்கூடக் கையால் தொட்டிராத ஒருவன், எட்டாயிரம் காளான்களைப் பிழையில்லாமல் பிரித்துவிட்டேன் என்று நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் தொகுப்போடு வரும் குறிப்பைப் பிறகு ஒரு நாள் ஒழுங்காகப் படித்தேன். எட்டாயிரமும் யாரும் பறித்த காளான்கள் அல்ல. 1981இல் வெளிவந்த ஆடுபான் சங்கத்தின் வட அமெரிக்கக் காளான் கையேட்டில் உள்ள 23 இனங்களின் விவரணையை வைத்து உருவாக்கிய கற்பனை மாதிரிகள். அவை மழையில் நனையவில்லை, வண்டு தின்னவில்லை, யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை.

அதே குறிப்பில் எளிய விதிகள் சில உண்டு. மணத்தை மட்டும் பார்த்தாலே போதும்: வாதுமை மணமோ சோம்பு மணமோ வந்தால், அல்லது மணமே இல்லாவிட்டால் நல்லது, மற்றதெல்லாம் விஷம். இந்த ஒரு விதிக்கு 98.52 சதவீதம் சரி. பரீட்சையில் இந்த மார்க் வாங்கினால் அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்திருப்பாள். ஆனால் மீதி 1.48 சதவீதம் என்பது 120 வரிசை. 120 விஷக் காளான்களை ‘சாப்பிடலாம்’ பக்கம் தள்ளிய விதி அது. வரிசை என்று சொன்னால் எண், தட்டு என்று சொன்னால் வேறு.

வீட்டுக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒருவரை நம்பி நூறு முறை காளான் சமைத்தால், ஒரு முறையாவது தவறும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம். நல்ல காளானை விஷம் என்று தூக்கிப்போட்டால் ஒரு குழம்பு நஷ்டம். விஷத்தை நல்லது என்று சொன்னால் ஈரல் போகும். இரண்டு தவறுக்கும் ஒரே எடை போட்டுச் சராசரி எடுத்துச் சொல்வதைத்தான் நாங்கள் துல்லியம் என்று அழைக்கிறோம்.

அந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் ஒரு விஷயத்தில் ஆச்சியின் கட்சி. கையேட்டில் ‘உண்ணலாமா என்பது தெரியவில்லை’ என்றிருந்த இனங்களையும் அவர்கள் விஷத்தோடு சேர்த்தே வைத்தார்கள். எச்சரிக்கையான முடிவு, குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ‘தெரியாது’ என்ற பெட்டியே காணாமல் போயிற்று. என் நிரல் கற்றுக்கொண்டது இரண்டு சொற்களை மட்டும். ஆச்சியிடம் மூன்று சொற்கள் இருக்கின்றன.

ஃபோன் சொன்ன 94க்கும் இதே கதைதான். இம்மாதிரிச் செயலிகள் பலவும் தங்களுக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்களுக்கு நடுவே நூறு மதிப்பெண்ணைப் பங்கு போடுகின்றன. பட்டியலில் இல்லாத ஒன்றைக் காட்டினாலும் நூறையும் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். ‘எனக்குத் தெரிந்த பெயர்களுக்குள் இது சாண்டரெலுக்கு மிக நெருக்கம்’ என்பதுதான் அந்த 94இன் பொருள். ‘இது சாண்டரெல்தான்’ என்று நாம் அதைப் படித்துக்கொள்கிறோம்.

*

நிறத்தைப் பற்றி நமக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பளிச்சென்று இருந்தால் விஷம், வெள்ளையாக இருந்தால் நல்லது. அரசமரத்தடியில் செவ்வண்ணத்தில் ஏதாவது முளைத்தால் ‘நாய்க்குடை, தொடாத’ என்று அம்மா கையைப் பிடித்து இழுத்ததை மறக்கவில்லை. அந்த நம்பிக்கையை அப்படியே திருப்பிப் போட்டால்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். உலகில் காளான் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணமான ‘மரணத் தொப்பி’ எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் வெளிறிய பச்சை, சில சமயம் வெள்ளை. அதன் உறவான ‘அழிக்கும் தேவதை’ தும்பைப்பூ வெள்ளை. சாண்டரெல் மஞ்சள், ரோமானியர்கள் விரும்பி உண்ட சீசர் காளான் ஆரஞ்சு. இதனால் நிறமுள்ளது எல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. நிறம் நமக்காகப் போட்ட சிக்னல் விளக்கு இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக் காசைப் போட்டுக் கறுக்கிறதா பார், பூண்டு நிறம் மாறுகிறதா பார், பூச்சி அரித்திருந்தால் நல்லது, நன்றாகக் கொதிக்கவைத்தால் விஷம் போய்விடும் என்று வேறு பரீட்சைகளும் உண்டு. எதுவும் உதவாது. மரணத் தொப்பியின் அமாடாக்சின் கொதித்தாலும் அழியாது, வெள்ளியைக் கறுக்கவும் செய்யாது. நத்தையும் புழுவும் அதைத் தின்கின்றன. ருசியாக இருந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் செல்லுக்குள் மரபணுவைப் படித்து நகலெடுக்கும் நொதியை அது முடக்குகிறது. சாப்பிட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட, ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. பிறகு ஒரு நாள் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்போதுதான் ஈரல் போய்க்கொண்டிருக்கும்.

சாண்டரெலையே எடுத்துக்கொள்வோம். அதைத் தெரிந்தவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள்? தொப்பியின் அடியில் உண்மையான தகட்டுச் செதில் இருக்காது. மெழுகு உருகி வழிந்த மாதிரி தடித்த மடிப்புகள் இருக்கும், அவை தண்டில் பாதி வரை இறங்கும். கிழித்தால் உள்ளே வெளிறியிருக்கும். ஆப்ரிகாட் பழ வாசனை வரும். மரக்கட்டையில் முளைக்காது, உயிருள்ள மரத்தின் வேரோடு கூட்டு வைத்துக்கொண்டு மண்ணிலிருந்து வரும். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ஓம்ஃபலோட்டஸ் என்ற நச்சுக் காளானுக்கு உண்மையான செதில் உண்டு, கட்டையிலோ புதைந்த வேரிலோ கொத்தாக வரும். ஆக முகர வேண்டும், கிழிக்க வேண்டும், புரட்ட வேண்டும், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் செய்தது மேலேயிருந்து ஒரு படம்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளக் காடுகளில், சாண்டரெல் குடும்பத்துக் காளான்கள் சிலவற்றை ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். ஆரியங்காவு கணவாய்க்குக் காளானைத் தடுக்கும் சோதனைச்சாவடி கிடையாது. எனவே நான் பார்த்தது உண்மையிலேயே நல்ல காளானாக இருந்திருக்கலாம். ஆச்சி அதைத் தவறவிட்டிருக்கலாம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. கேள்வியே அங்கேதான் இருக்கிறது. சரியாக இருந்திருக்கக்கூடிய ஒரு பதிலை மறுத்தது எப்படிச் சரியாகும்?

*

அன்று ஆச்சி புற்றோரம் பறித்தது புற்றுக்காளான். டெர்மிட்டோமைசிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நம் ஊரில் கிடைக்கும் காட்டுக் காளான்களில் ருசிக்குப் பெயர்போனது. இதைக் கடையில் வாங்கும் பட்டன் காளான் மாதிரிப் பண்ணையில் வளர்க்க முடியவில்லை, ஏனென்றால் இதற்கு ஏற்கெனவே ஒரு விவசாயி இருக்கிறது. கரையான் கொண்டுவரும் செத்தையை மென்று, கழித்து, புற்றுக்குள் கடற்பஞ்சு மாதிரிப் பாத்தி கட்டி, அதில் இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. மனிதன் விவசாயம் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டு. கரையானின் இந்த விவசாயத்துக்குச் சுமார் 3 கோடி ஆண்டு.

நான் உதவிக்குப் போய் ஒரு காளானைத் தண்டில் கிள்ளினேன். “கிள்ளாத. தோண்டு” என்றாள். விரலைத் தண்டோரம் மண்ணுக்குள் விட்டு நெம்பி எடுத்துக் காட்டினாள். தண்டு மண்ணுக்குள் சிறுத்து, வேர் மாதிரி நீண்டு கீழே போயிருந்தது. “இந்த வால் இருந்தாத்தான் நம்ம காளான். அடி உருண்டையா இருந்தாலோ, கோழிமுட்டை ஓடு மாதிரி உறை கெடந்தாலோ, போட்டுட்டுக் கையக் கழுவிரணும்.”

எனக்குச் சொரேலென்றது. மரணத் தொப்பி உள்ளிட்ட பல அமானிட்டாக்களின் முக்கிய அடையாளம் அடியில் இருக்கும் அந்தக் கிண்ணம் போன்ற உறைதான். தண்டைக் கிள்ளி எடுத்தால் அது மண்ணிலேயே தங்கிவிடும். புற்றுக்காளானின் அடையாளம் புற்றின் அறை வரை போகும் அந்த நீண்ட வால். இரண்டுமே மண்ணுக்குள் இருப்பவை. அவள் ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனால் உயிர் எந்த இடத்தில் தீர்மானமாகிறதோ அந்த இடத்தில் விரலை வைக்கத் தெரிந்திருந்தது.

முப்பது காளான் சேர்ந்திருக்கும். வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கி எறிந்தாள். என் கண்ணுக்கு மற்றதைப் போலத்தான் இருந்தது. வாலும் இருந்தது.

“அதுக்கு என்ன?”

“என்னவோ, கைக்குப் பிடிக்கல.”

“நல்லதா இருந்தா?”

“இருந்துட்டுப் போட்டும். ஒண்ணுல என்ன கொறஞ்சிரப் போவுது?”

காரணம் சொல்லத் தெரியாத அந்த மறுப்பை மூடநம்பிக்கை என்று பதினைந்து வருஷம் முன்பு சொல்லியிருப்பேன். இப்போது அதில் ஒரு கணக்கு தெரிகிறது. ‘சாப்பிடலாம்’ என்று சொல்ல அவளுக்கு எல்லாப் பொருத்தமும் வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு சந்தேகம் போதும். இரண்டு தவறுக்கும் எடை வேறு என்பது அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். படித்த பேரன் தோற்றான், ஆச்சி ஜெயித்தாள். லைக்குகூட நிறைய விழும். ஆனால் அது உண்மையில் பாதிதான்.

2011 டிசம்பர் 31 இரவு, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், சீனாவைச் சேர்ந்த ஒரு சமையல்காரர் புத்தாண்டு விருந்துக்குக் காளான் சமைத்தார். மரணத் தொப்பி. அவரும் உடன் உண்ட ஒரு பெண்ணும் சில நாட்களில் இறந்துபோனார்கள். ஆசியாவில் பரவலாக உண்ணப்படும் வைக்கோல் காளானுக்கும் இளம் மரணத் தொப்பிக்கும் தோற்ற ஒற்றுமை அதிகம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஓக் மரங்களோடு அந்த ஊருக்கு வந்து சேர்ந்த காளான் அது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் இதே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. நன்றாகத் தெரிந்தவர்கள், ஆனால் வேறு மண்ணில் தெரிந்தவர்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பயிற்றுவித்த உலகமும் பயன்படுத்தும் உலகமும் வேறாகிப்போவது. நிரலுக்கு வருவது ஆச்சிக்கும் வரும். அவளைக் கொண்டுபோய்க் கான்பெராவில் விட்டால் அவள் விரலும் தவறலாம்.

2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டப் பகுதி மக்கள். சோட்டா நாக்பூர் போன்ற இடங்களிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அந்தத் தோட்டங்களில் நிறைய. அவர்கள் வீட்டிலும் ஆச்சிகள் இருந்திருப்பார்கள். காளானைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். பாட்டி சொல்லைப் போற்றும் கட்டுரையை அந்தப் பதின்மூன்று வீடுகளில் படித்துக்காட்ட முடியாது.

நமக்குக் காட்டுக் காளான் என்பது விடுமுறை. அவர்களுக்கு அது கறி. சங்க காலத்திலேயே இந்த வேறுபாடு உண்டு. குமணனைத் தேடிப்போகும் பெருந்தலைச்சாத்தனார் தன் வறுமையைச் சொல்ல வைத்த முதல் சாட்சி, சமைத்து நாளாகிப்போன அடுப்பில் ஆம்பி முளைத்திருந்தது என்பதுதான். ஆம்பி என்றால் காளான். புறநானூறு 164. பசி இருக்கும் இடத்தில்தான் காளான் அறிவு வளர்ந்திருக்கிறது, தவறிய ஒவ்வொரு முறையும் ஒரு உடம்பைக் கொடுத்து. ஆச்சியின் ‘தெரியாது’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நமக்குக் கணக்கு இல்லை. வரிசையில் ஏறாத தரவு அது.

ஆக ஆச்சியும் தவறலாம், நிரலும் தவறலாம். பிறகு என்ன வேறுபாடு?

*

அறிவுக்கு வழி மூன்று என்று சைவ சித்தாந்த அளவை நூல்கள் பேசுகின்றன: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டது, ஊகித்தது, நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டது. காளான் விஷயத்தில் முதல் இரண்டும் எனக்கு அடைபட்டிருக்கின்றன. விஷத்தைக் கண்ணால் காண முடியாது. ஊகிக்க எனக்குப் பயிற்சி இல்லை. மிஞ்சுவது உரை. எதையும் யார் சொன்னார்கள் என்று பார்க்காமல் மெய்யைப் பார் என்கிறது நமக்குப் பாடமாகிப்போன குறள். மற்ற விஷயங்களில் சரி. காளானில் மெய்ப்பொருள் காண்பது என்றால் அது ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். இங்கே யார் சொல்கிறார் என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

யாரை நம்பலாம் என்பதற்கு, நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஒரு இலக்கணம் சொல்கிறார். ஒன்றை நேரடியாக அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவர், அவர்தான் ஆப்தர். இது முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்துக்கொள்கிறார். பிறப்போ படிப்போ கணக்கில்லை. அறிந்திருக்கிறாரா, அறிந்தபடி சொல்கிறாரா, அவ்வளவுதான். அறிந்தபடி சொல்வதில் அறியாததை அறியவில்லை என்று சொல்வதும் அடங்கும் என்று நான் நினைக்கிறேன். மஞ்சள் காளானைப் பார்த்து ‘தெரியாது’ என்று சொன்னதால்தான் புற்றுக்காளானைப் பார்த்து அவள் ‘தெரியும்’ என்று சொன்னது எனக்குச் செல்லுபடியாயிற்று. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரின் எந்தப் பதிலையும் தனியாக நம்ப வழியில்லை.

இரவு ஆச்சி குழம்பு வைத்தாள். சின்ன உள்ளி, மிளகு, தேங்காய் அரைத்து விட்டது. வீடு முழுக்க மணந்தது. தட்டுகள் வைத்தாயிற்று. மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கேள்வி எனக்குப் புரிந்தது. நான் மகளின் தட்டைப் பார்த்தேன். நான் சாப்பிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. என் உயிரை நான் ஆச்சியின் விரலில் வைக்கலாம். மகளின் உயிரை நான் வைக்கலாமா? அவளுக்கு ஆச்சியை எடைபோடத் தெரியாது, என்னைத்தான் தெரியும். அவளுக்கு ஆப்தன் நான். ஆனால் எனக்கோ காளான் தெரியாது. வேண்டாம் என்று சொன்னால், எழுபது வருஷம் இந்தச் சட்டியில் பொங்கிப் பிள்ளைகளை வளர்த்தவளின் முகத்துக்கு நேரே ‘உன்னை நம்பவில்லை’ என்று சொன்னதாக ஆகும்.

ஆச்சி கவனித்துவிட்டாள். அந்த வீட்டில் ஆச்சி எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவாள். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் தனக்கு முதலில் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள். அமாடாக்சின் ஆறு மணி நேரத்துக்கு அடையாளம் காட்டாது என்று எனக்குத் தெரியும். அறிவியல்படி அவள் சாப்பிட்டுக் காட்டியதில் ஒரு நிரூபணமும் இல்லை. ஆனால் அவள் நிரூபித்துக்கொண்டிருக்கவில்லை. பிணை நின்றுகொண்டிருந்தாள். சோதனைக்கும் பிணைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் செயலியின் சதவீதமும் எனக்குச் சொன்னதில்லை.

நானும் சாப்பிட்டேன். மகளின் தட்டில் இன்னும் வைக்கவில்லை. அப்போது ஆச்சி சொன்னாள்: “பிள்ளைக்கு நாளைக்கு மத்தியானம் குடு. எடுத்து வச்சிருக்கேன். ஒனக்குத் தெரியாதுல்லா, ஒரு ராத்திரி பாரு.”

கோபம் இல்லை, குத்தல் இல்லை. காலையில் மஞ்சள் காளானுக்கு அவள் வைத்த அதே சொல். அவளுக்குத் தெரியும் என்பதற்காக எனக்கும் தெரிந்துவிட்டதாக நான் நடிக்க வேண்டியதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். என் ‘தெரியாது’வை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் அதற்கும் ஒரு இடம் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் மதியம் மகள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

*

சென்னைக்குத் திரும்பிய பிறகு என்னால் ஒரு பழைய விஷயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சில வருஷம் முன்பு, பயிர் இலையைப் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் செயலியில் வேலை பார்த்தேன். நிரலுக்கு ஒரு ‘தெரியாது’ வைக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லாப் பெயர்களுக்கும் மதிப்பெண் குறைவாக இருந்தால், அல்லது கற்ற படங்களிலிருந்து புதுப் படம் வெகுதூரம் விலகி இருந்தால், பெயர் சொல்லாமல் பக்கத்து வேளாண் அலுவலரிடம் காட்டச் சொல்லலாம். செய்ய முடியாத வேலை இல்லை, இரண்டு வாரம் ஆகும். “டெமோவுல ‘தெரியாது’ன்னு வந்தா வாங்குறவங்க என்ன நினைப்பாங்க?” என்று கேட்டார்கள். நான் மறுபடி கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் செயலி வெளியே போயிற்று.

எத்தனை பேர் தவறான நோய்ப் பெயரை நம்பித் தவறான மருந்து அடித்தார்கள் என்று எங்களிடம் கணக்கு கிடையாது. கணக்கு எடுக்கும் ஏற்பாடே கிடையாது. அந்த வயலில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. அந்தச் சட்டியில் எங்களுக்குத் தட்டு வைக்கவில்லை.

2023 ஆகஸ்டில் நியூயார்க் காளான் ஆய்வுச் சங்கம் ஒரு எச்சரிக்கை விட்டது. அமேசானில் விற்பனைக்கு வந்திருந்த சில காளான் கையேடுகள் செயற்கை நுண்ணறிவு எழுதியவை போலத் தெரிகின்றன, அறிந்த ஆசிரியர்களின் நூல்களை மட்டும் வாங்குங்கள், உயிர்ப் பிரச்சினை என்று. படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எழுதிய யாரும் தின்னாத கையேடு, இலை வாடாத செயலி, பறிக்கப்படாத 8124 காளான்கள்: எல்லாம் ஒரே குடும்பம். தவறுவது இவற்றின் குற்றம் இல்லை. மனிதர்களும் தவறுகிறார்கள். தவறினால் இழக்க ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து ‘சாப்பிடு’ என்று சொல்வதுதான் குற்றம். அந்தக் குற்றத்தில் இரண்டு வாரம் அளவுக்கு எனக்கும் பங்கு உண்டு.

ஒருவர் சொல்லை நம்பி உயிரை வைப்பது அறியாமை இல்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம். ஆனால் நம்பப்படுகிறவருக்கு இரண்டு கடமை இருக்கிறது. தெரியாத இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். தெரியும் என்று சொன்ன இடத்தில் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மஞ்சள் காளான் ஒருவேளை நல்ல காளானாகவே இருந்திருந்தாலும் ஆச்சியின் மறுப்பு சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். பதில் சரியா என்பது காளானைப் பொறுத்தது. அந்தப் பதிலைச் சொல்ல உரிமை இருந்ததா என்பது சொல்பவரைப் பொறுத்தது.

இந்த ஜூனில் ஆச்சிக்குப் ஃபோன் போட்டேன். சாரல் தொடங்கிவிட்டது, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, ரம்புட்டான் இன்னும் வரத்து இல்லை என்றாள். நடுவில், “ஒன் மஞ்சக் குடை இந்த வருசமும் வந்திருக்கு. அதே எடத்துல” என்றாள்.

“என்ன பண்ணீங்க?”

“நா என்ன பண்ண? அது பாட்டுக்கு நிக்கி.”

“சாப்பிட்டுப் பாக்கலயே?”

“யாரு சொல்லிச் சாப்பிட?” என்றாள் ஆச்சி.